பேக்கப்பில் எக்ஸ்ரே இருக்கிறதா, திறந்து பாருங்கள்

பல் மருத்துவமனைகளுக்கு கம்ப்யூட்டர் வேலை பார்த்துக் கொடுக்கிறவன் நான். "தினமும் பேக்கப் எடுக்கிறோம் சார்" என்று எல்லா இடத்திலும் சொல்வார்கள், எடுக்கவும் செய்கிறார்கள். ஆனால் அதை வேறொரு கம்ப்யூட்டரில் ஏற்றி ஒரு பேஷண்டைத் தேடினால் பெயர் வரும், போன் நம்பர் வரும், எந்தப் பல்லுக்கு ரூட் கெனால் செய்தது, பாக்கி எவ்வளவு என்பதெல்லாம் வரும். ஆர்விஜி படத்தை, அதாவது பல்லின் டிஜிட்டல் எக்ஸ்ரேயைத் தொட்டால் மட்டும் ஃபைல் இல்லை என்று ஒரு சின்னக் கட்டம் வந்து நிற்கும்.

பல சாஃப்ட்வேர்களில் படங்கள் டேட்டாபேஸுக்குள் இருப்பதில்லை. ஓப்பன் டென்டல் என்ற பல் மருத்துவமனை சாஃப்ட்வேரில் பேஷண்ட் விவரங்கள் மைஎஸ்க்யூஎல் அல்லது மரியாடிபி என்ற டேட்டாபேஸில் இருக்கும், படங்கள் வழக்கமாகத் தனி ஃபோல்டரில் கிடக்கும். டேட்டாபேஸுக்குத் தெரிந்தது படத்தின் பெயர் மட்டுமே. ஓபிஜி (முழுத் தாடை எக்ஸ்ரே) மெஷினோடு வந்த சாஃப்ட்வேர் தன் படங்களை இன்னொரு இடத்தில் வைத்திருக்கலாம். எது எங்கே சேமிக்கப்படுகிறது என்று உங்கள் சாஃப்ட்வேர்காரரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள்.

அப்புறம், சாஃப்ட்வேர் ஓடிக்கொண்டிருக்கும்போதே டேட்டா ஃபோல்டரை அப்படியே காப்பி செய்யாதீர்கள். ரிசப்ஷனில் பில் போட்டுக்கொண்டிருக்கும் நேரத்தில் சில ஃபைல்கள் பழைய நிலையிலும் சில புது நிலையிலும் பதிவாகும், காப்பி முடிந்துவிட்டது என்று விண்டோஸ் சொன்னாலும் அந்த டேட்டாபேஸ் திறக்காமல் போகலாம். சாஃப்ட்வேரிலேயே உள்ள பேக்கப் வசதியைப் பயன்படுத்துங்கள், இல்லையென்றால் டேட்டாபேஸ் சர்வீஸை நிறுத்திவிட்டு காப்பி செய்யுங்கள்.

பேக்கப் எடுக்கும் ஹார்ட் டிஸ்க்கை எப்போதும் கம்ப்யூட்டரில் செருகியே வைத்திருப்பது இன்னொரு ஆபத்து. ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரேன்சம்வேர் வந்தால் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும். கிளவுடில் இருக்கிறது, கவலையில்லை என்றும் இருந்துவிட முடியாது. 2019 ஆகஸ்டில் அமெரிக்காவின் விஸ்கான்சினில் பல் மருத்துவமனைகளுக்கான டிடிஎஸ் சேஃப் என்ற பேக்கப் சேவையே தாக்கப்பட்டு, அதை நம்பியிருந்த சுமார் 400 மருத்துவமனைகள் முடங்கின. எந்த நெட்வொர்க்கிலும் இல்லாத ஒரு பிரதி, தனி டிஸ்க்கில், உங்கள் கையில் கட்டாயம் இருக்க வேண்டும்.

அந்த டிஸ்க் வெளியே போகும் என்பதால் விண்டோஸில் உள்ள பிட்லாக்கர் போட்டுப் பூட்டுங்கள். அதன் 48 இலக்க ரெக்கவரி கீயை டிஸ்க்கோடு வைக்காமல் தனியாக வையுங்கள்.

மாதம் ஒருமுறை ஒரு பழைய லேப்டாப்பில் பேக்கப்பை ஏற்றி, நேற்று வந்தவர் ஒருவர், ஐந்து வருடத்துக்கு முன் வந்தவர் ஒருவர், இருவருடைய எக்ஸ்ரேயையும் திறந்து பாருங்கள். இரண்டும் தெரிந்தால் சரி. பார்த்து முடித்ததும் லேப்டாப்பிலிருந்து அந்த டேட்டாவை அழித்துவிடுங்கள், அதுவும் பேஷண்டுகளுடைய விவரம்தான்.