பிறக்கும்போதே தொற்றியிருக்கும் சி.எம்.வி: பிள்ளையின் மூளையிலும் காதிலும் என்ன நடக்கிறது?

வன்னியில் இரண்டு வயதாகியும் கதைக்காத பிள்ளையைப் பற்றி விசாரித்தால் அம்மம்மாவிடம் பதில் தயாராக இருக்கும்: "தேப்பனும் பிந்தித்தான் கதைச்சவன்." பல வேளைகளில் அது சரியாகவும் இருக்கும். ஆனால் சில பிள்ளைகள் கதைக்காததற்குக் காரணம் காது. இங்கே பெரியவர்களுக்குக் காது மந்தம் என்றால் போர்க்காலச் செல்வீச்சுச் சத்தம் என்போம். போர் முடிந்த பிறகு பிறந்த பிள்ளைக்கு அந்தக் கணக்குச் சரிவராது. பரம்பரை ஒரு பெரிய காரணம். பரம்பரை சாராத காரணங்களில் உலகெங்கும் முன்னணியில் நிற்பது, நம்மில் பலர் பெயரே கேட்டிராத சைட்டோமெகலோ வைரஸ். சுருக்கமாக சி.எம்.வி.

கொப்பளிப்பானை உண்டாக்கும் வைரஸின் குடும்பம்தான் இதுவும். ஒருமுறை உடலுக்குள் வந்தால் ஆயுள் முழுக்க உறங்கிக் கிடக்கும், இடையிடையே விழிக்கும். எச்சில், சிறுநீர், தாய்ப்பால் வழியே பரவும். ஆரோக்கியமானவருக்கு இலேசான காய்ச்சல் வரலாம், பெரும்பாலும் ஒன்றுமே தெரியாது. தெற்காசியாவில் பெண்களில் மிகப் பெரும்பாலானோருக்குக் கல்யாண வயதுக்கு முன்பே இது தொற்றி முடிந்திருக்கும்.

இந்த இடத்தில்தான் ஒரு தவறான நிம்மதி பிறக்கிறது. கர்ப்பகாலத்தில் முதல்தடவையாகத் தொற்று வந்தால், அது கருவுக்குக் கடத்தப்படும் வாய்ப்பு 30 முதல் 40 சதவீதம். முன்பே தொற்றிய தாயிடமிருந்து கடத்தப்படுவது 1 சதவீதம் அளவில்தான். அப்படியானால் நம் தாய்மார் தப்பித்தார்கள் என்று தோன்றும். ஆனால் ஏறத்தாழ எல்லாத் தாய்மாருமே அந்த இரண்டாம் கூட்டத்தில் இருக்கும்போது, சிறிய சதவீதம்கூடப் பெரிய தொகையாகிவிடுகிறது. பழைய வைரஸ் விழித்தெழலாம், அதே வைரஸின் வேறொரு வகை புதிதாகத் தொற்றலாம். தாயின் இரத்தத்தில் வைரஸை எதிர்க்கும் பிறபொருளெதிரிகள் இருந்தும் கருவுக்கு முழுக் காப்பு இல்லை. இப்படிப் பிறக்கும் பிள்ளைகளிலும் செவிப்புலன் இழப்பு ஏறக்குறைய அதே வீதத்தில் வருகிறது. செல்வந்த நாடுகளில் ஏறத்தாழ 200 பிறப்புகளுக்கு ஒன்று என்றால், வளர்முக நாடுகளில் 100க்கு ஒன்றோ அதற்கு மேலோ இந்தத் தொற்றோடு பிறக்கின்றது.

தாயையும் கருவையும் இணைக்கும் சூல்வித்தகத்தைத் தாண்டிய வைரஸ் குறிவைப்பது, மூளையின் நடுவிலுள்ள நீர் அறைகளின் விளிம்பை. கருவின் நரம்புக்கலங்கள் பிறக்கும் இடம் அதுதான். தோட்டத்து மிளகாய் நாற்றுமேடை மாதிரி: அங்கே முளைத்து, பிறகு தத்தம் இடத்துக்குப் பெயர்ந்து போய் வேரூன்ற வேண்டும். மேடையிலேயே நோய் விழுந்தால் நாற்றும் குறையும், போன நாற்றும் வரிசை தவறி நிற்கும். பிறக்கும் கலங்கள் குறைந்தால் தலை சிறுக்கிறது. மூளையின் மேற்பரப்பை நோக்கிய இடப்பெயர்வு குழம்பினால், மடிப்புகள் மழுங்கியோ அளவுக்கு மிஞ்சிப் பொடிப்பொடியாகவோ அமைகின்றன. அழிந்த இழையத்தில் கல்சியம் படிகிறது, சி.ரி. ஸ்கானில் நீர் அறைகளின் ஓரமாக வெள்ளைப் புள்ளிகள் தெரிவது இதனால்தான். தொற்று எவ்வளவு முந்தி வருகிறதோ அவ்வளவு கேடு. முதல் மூன்று மாதத்தில் வருவதுதான் மோசமானது. வலிப்பு, கைகால் விறைப்பு, விழித்திரை அழற்சி, கற்றல் குறைபாடு எல்லாம் பெரும்பாலும் அந்தக் காலத் தொற்றின் விளைவுகள்.

தொற்றோடு பிறக்கும் பத்தில் ஒரு பிள்ளைக்கே பிறப்பில் அறிகுறி தெரியும்: மஞ்சள் காமாலை, தோலில் ஊதாப் புள்ளிகள், வீங்கிய ஈரல், சிறிய தலை. இவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு நிரந்தரப் பாதிப்பு மிஞ்சும். மீதி ஒன்பது பேரும் கொழுகொழுவென்று வீட்டுக்குப் போவார்கள். அந்த ஒன்பது பேர்தான் எனக்குக் கவலை. அவர்களில் 10 முதல் 15 சதவீதமானோர் பின்னர் செவிப்புலனை இழக்கிறார்கள். உட்காதின் நத்தைச் சுருளில் ஒரு மெல்லிய இழையம், திரவத்தில் ஏறத்தாழ 80 மில்லிவோல்ட் மின்னழுத்தத்தைக் காத்து வருகிறது. அது இல்லாமல் ஒலி நரம்புச் சமிக்ஞையாக மாறாது. வைரஸ் அந்த இழையத்தில் தங்குகிறது. அதனால் பிறந்தவுடன் செய்த செவிப் பரிசோதனையில் தேறிய பிள்ளைக்கே மூன்று, நான்கு வயதில் கேட்கும் திறன் குறையலாம், ஏறி இறங்கலாம், ஒரு காதில் மட்டும் போகலாம்.

கண்டுபிடிக்கக் கிடைக்கும் அவகாசம் மிகக் குறுகியது. பிறந்து 21 நாட்களுக்குள் எச்சிலிலோ சிறுநீரிலோ பி.சி.ஆர். பரிசோதனை செய்ய வேண்டும். பிறகு கிடைக்கும் வைரஸ் கருவில் வந்ததா, தாய்ப்பாலில் வந்ததா என்று பிரித்தறிய முடியாது. (இதைப் படித்துவிட்டு யாரும் தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம். நிறைமாதப் பிள்ளைக்குப் பாலில் வரும் வைரஸ் தீங்கு செய்வதில்லை.) அறிகுறியோடு பிறந்த பிள்ளைக்கு முதல் மாதத்துக்குள் வல்கன்சிக்ளோவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மருந்தைத் தொடங்கி ஆறு மாதம் கொடுத்தால் செவிப்புலனும் வளர்ச்சியும் ஓரளவு காக்கப்படுகின்றன. வெண்குருதிக்கலங்களை அது குறைப்பதால் அடிக்கடி இரத்தம் சோதிக்க வேண்டும். மூளையில் ஏற்கெனவே அமைந்துவிட்ட கோளாறை எந்த மருந்தாலும் திருத்த இயலாது.

தடுப்பூசி இன்னும் இல்லை. ரூபெல்லாவும் கருவிலிருக்கும் பிள்ளையின் காதையும் கண்ணையும் கெடுத்த நோய்தான். அதற்கு 1996இலிருந்து இலங்கையில் ஊசி இருக்கிறது. சி.எம்.வி.க்கு இப்போதைக்குக் கைகழுவலும் எச்சில் கவனமும்தான். மல்லாவியிலோ ஒட்டுசுட்டானிலோ, இரண்டாவது பிள்ளையை வயிற்றில் சுமக்கும் தாயை எண்ணிப் பாருங்கள். கிளினிக்கில் தந்த திரிபோஷா சத்துமாவில் தேங்காய்ப்பூவும் சீனியும் போட்டுக் குழைத்து, உருட்டி மூத்தவனுக்குத் தீத்துகிறாள். அவன் பாதியைக் கடித்துவிட்டு ஓடுகிறான். வீணாக்கக்கூடாதென்று மிச்சத்தைத் தன் வாயில் போடுகிறாள். சிறுபிள்ளைகளின் எச்சிலிலும் சிறுநீரிலும் இந்த வைரஸ் மாதக்கணக்கில், ஏன் வருடக்கணக்கிலும் வெளியேறும். கடித்த மிச்சத்தைச் சாப்பிடாமல் விடுவதும், கொஞ்சுவதென்றால் நெற்றியில் கொஞ்சுவதும், மூத்திரத் துணி மாற்றியதும் சவர்க்காரம் போட்டுக் கைகழுவுவதும் முதல்தடவைத் தொற்றைக் குறிப்பிடத்தக்க அளவு குறைக்கின்றன. அதற்காக, தொற்று வந்துவிட்ட தாயைக் குற்றம் சொல்வது கிரகணம் பார்த்தாள் என்று பழிபோடுவதைவிட எந்த விதத்திலும் அறிவானதல்ல. தன் பிள்ளைக்குச் சோறு தீத்தாத தாய் எங்கே இருக்கிறாள்?

21 நாள் கடந்துவிட்ட வீடுகளில் பார்க்க வேண்டியது வேறு. கைதட்டினால் திரும்புகிறதே என்று ஆறுதல்பட்டு விடாதீர்கள். ஒரு காது கேட்டாலே பிள்ளை திரும்பும். ஆனால் சத்தம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பிடிபடாது. முன்பள்ளியில் பின்னாலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டால் எதிர்ப்பக்கம் பார்க்கிறதா என்று ஆசிரியைகள் கவனிக்கலாம். உட்காதின் சமநிலை உறுப்பையும் வைரஸ் தாக்குவதால், கழுத்து பிந்தி நிற்பதும், நடை பிந்துவதும், இருட்டில் தடுமாறி விழுவதும் ஒரு தடயம். இப்படி ஏதாவது கண்ணில் பட்டால் மருத்துவமாதுவிடம் சொல்லி, காது மூக்குத் தொண்டை கிளினிக்குக்கு அனுப்பச் சொல்லுங்கள். அங்கே ஒருமுறை "காது சரி" என்று சொன்னாலும், தொற்று உறுதியான பிள்ளைக்கு ஐந்து ஆறு வயதுவரை இடைவிட்டு இடைவிட்டுச் சோதனையைத் தொடர வேண்டும்.