அணுகல்தன்மை: சொல் விளக்கம்

கணினி, கைப்பேசி, மின்னூல் பற்றிய பேச்சில் 'அக்செசிபிலிட்டி' என்று அடிக்கடி வழங்கும் சொல்லுக்கு, அணுகல்தன்மை என்பது தமிழில் ஓரளவு நிலைபெற்றுவிட்ட ஈடு. பார்வையற்றவர்களும் குறைபார்வை உடையவர்களும், மற்றவர்கள் பெறும் அதே செய்தியைப் பிறர் துணையை எதிர்பாராமல் தமக்கு இயன்ற புலன்வழியே பெறும்படி, ஒரு நூலோ வலைப்பக்கமோ செயலியோ அமைந்திருக்கும் இயல்பை இச்சொல் குறிக்கிறது. செவித்திறன், இயக்கத்திறன் தொடர்பான தடைகளுக்கும் இது பொருந்துமாயினும், இங்கே பார்வை தொடர்பானவற்றை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

மூலச்சொல் இலத்தீனிலிருந்து வந்தது. 'ஆட்' என்பது ஒன்றை நோக்கியிருத்தலையும் 'கேடெரெ' என்பது செல்லுதலையும் குறிக்கும். இரண்டும் சேர்ந்து நெருங்கிச் செல்லுதல் என்னும் பொருள் பிறந்தது. பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த இச்சொல் நெடுங்காலம் மலை, துறைமுகம், கோட்டை போன்ற இடங்களுக்கும், எளிதில் சந்திக்கக்கூடிய மனிதர்களுக்குமே வழங்கிவந்தது. உடற்குறை உடையவர்கள் கட்டடங்களுக்குள் சென்றுவரவும் அவற்றைப் பயன்படுத்தவும் ஏற்ற தரநிலை ஒன்று 1961-இல் அமெரிக்காவில் வெளியானபோது, அச்சொல் சாய்தளத்தையும் வாயில் அகலத்தையும் பற்றிய தொழில்நுட்பச் சொல்லாகவும் ஆயிற்று. 2006-ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் உடன்படிக்கை, மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைக் கூறுமிடத்தில், கட்டடம், போக்குவரத்து ஆகியவற்றோடு தகவலையும் தொடர்பாடலையும் ஒன்பதாம் உறுப்பில் சேர்த்தே வைத்தது.

கிடைத்தலும் அணுகத்தக்கதாக இருத்தலும் ஒன்றல்ல. அச்சிட்ட பக்கத்தை ஒளிவருடிப் படமாகச் சேமித்த கோப்பு எல்லோருக்கும் கிடைக்கலாம். ஆனால் அதில் இருப்பது எழுத்து அன்று, எழுத்தின் படம். திரையில் உள்ளதைப் பேச்சாகவோ விரலால் தொட்டுப் படிக்கும் பிரெயில் புள்ளிகளாகவோ மாற்றித்தரும் திரைவாசிப்பான் அதை வெற்றுப்பக்கமாகவே காண்கிறது. ஒரு படத்தின் செய்தியை எழுத்தில் உரைக்கும் மாற்றுரை இல்லாதபோதும் இதே நிலைதான்.

தமிழுக்கென்றே உரிய சிக்கல் ஒன்றும் உண்டு. ஒவ்வொரு மொழியின் எழுத்துக்கும் தனிக் குறியெண் தரும் ஒருங்குறி (யூனிகோடு) பரவுவதற்கு முன் வழங்கிய பாமினி போன்ற எழுத்துருக்கள், ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களைப் பொருத்திவைத்தவை. அவற்றில் தட்டச்சிட்ட 'அம்மா' கண்ணுக்கு 'அம்மா'வாகவே தெரியும்; கணினிக்கோ அது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்னும் ஐந்து குறிகளின் வரிசை. திரைவாசிப்பான் அக்குறிகளைத்தான் ஒலிக்கும். பிரெயில் புள்ளிகளைக் காட்டும் கருவியும் அவற்றையே புள்ளிகளாக எழுப்பும். பார்ப்பவருக்குக் குறையேதும் தென்படாத பக்கம், கேட்பவருக்குப் பொருளற்ற ஒலிக்கூட்டமாகிறது. பழைய கோப்புகளை ஒருங்குறிக்கு மாற்றுவதைக் காப்பகப் பணி என்று மட்டும் கருதுவோர் இதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

குறைபார்வை உடையவர்களுக்கு வேண்டியது பெரும்பாலும் வேறு. எழுத்தைப் பெரிதாக்கினால் வரிகள் திரைக்கு வெளியே ஓடிவிடக் கூடாது. எழுத்தும் பின்புலமும் ஒன்றோடொன்று மங்கிக் கலந்துவிடவும் கூடாது. 2008-இல் வெளியான வலை உள்ளடக்க அணுகல்தன்மை வழிகாட்டுதல்களின் இரண்டாம் பதிப்பு, அதன் நடுத்தர நிலையில், இயல்பான அளவுள்ள எழுத்துக்கும் பின்புலத்துக்கும் இடையே குறைந்தது 4.5:1 என்னும் ஒளிர்வு வேறுபாட்டையும், எழுத்தை 200 விழுக்காடு வரை பெரிதாக்கினாலும் உள்ளடக்கம் கெடாதிருத்தலையும் கேட்கிறது. வெள்ளைப் பின்புலத்தில் வெளிர்சாம்பல் எழுத்தை அழகென்று கருதும் வடிவமைப்பாளர்கள் பலர் இந்த முதல் அளவையிலேயே தவறுகின்றனர்.

இனித் தமிழ்ச் சொல்லுக்கு வருவோம். அணுகு என்பது அண்மை, அணிமை ஆகியவற்றோடு உறவுடைய பழஞ்சொல். அரசரைச் சார்ந்து வாழ்வோர் 'அகலாது அணுகாது' தீக்காய்வாரைப் போல இருக்க வேண்டும் என்கிறது குறள். இன்றும் 'மேலும் விவரங்களுக்கு அலுவலகத்தை அணுகவும்' என்றே எழுதுகிறோம். இரண்டு இடங்களிலும் நடக்க வேண்டியவர் நாடிவருபவர். நாடப்படுவது இருந்த இடத்திலேயே இருக்கிறது. ஆனால் நாம் விளக்கும் சொல்லின் இன்றைய பொருளோ நேர்மாறானது. படிப்பவர் எவ்வளவு முயன்றார் என்பது இதில் கேள்வியே அன்று. நூல் எவ்வாறு ஆக்கப்பட்டது என்பதே கேள்வி. இச்சொல்லைக் குறித்து எனக்குள்ள முதன்மையான தயக்கம் இதுதான்.

பொறுப்பை நாடப்படுபவர்மேல் ஏற்றிச் சொல்லும் சொல் பழந்தமிழில் இருக்கவே இருக்கிறது. முறைவேண்டி வருவோர்க்கு எளிய செவ்வி, அதாவது தன்னைக் காணும் வாய்ப்பு, தராத மன்னனைப் பற்றிய குறள் 'எண்பதத்தான்' என்று தொடங்குகிறது. 'எண்பதத்தால் எய்தல் எளிது' என்று பண்புடைமை அதிகாரத்திலும் அச்சொல் வருகிறது. எண்மை என்றால் எளிமை. பதம் என்றால் காணத்தக்க செவ்வி. எண்பதம் என்பது, வருபவர் எளிதில் நெருங்கும்படி இருப்பவர் தம்மை வைத்துக்கொள்ளுதல். பொருளில் இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரியவில்லை. எனினும் எண் என்றவுடன் இலக்கம் நினைவுக்கு வரும் இக்காலத்தில், கைப்பேசியின் அமைப்புகளில் 'எண்பதம்' என்று கண்டால் கடவுச்சொல் என்றே பலர் எண்ணுவர். மீட்டெடுக்க ஆசைதான், பரிந்துரைக்கத் துணிவில்லை.

எஞ்சியவற்றுள், 'அணுகல்' என்று மட்டும் சொல்வது போதாது. கணினித் தமிழில் அது ஒரு கோப்பைத் திறக்க ஒருவருக்குத் தரப்படும் அனுமதியைக் குறிக்கிறது. அனுமதி இருந்தும் படிக்க முடியாத நூல்கள் உண்டு. 'மாற்றுத்திறன் வசதி' என்னும் வழக்கு எளிதில் விளங்குவது. ஆனால் நூலின் இயல்பாக இருக்க வேண்டியதை, சிலருக்கெனத் தனியே சேர்த்த சலுகைபோல அது காட்டிவிடுகிறது. 'அணுகுதன்மை' என்பது சுருக்கமான வினைத்தொகை. அணுகுகின்றவரின் தன்மையா, அணுகப்படுவதன் தன்மையா என்பதை அது தெளிவாக்கவில்லை. அணுகல்தன்மையும் இந்த மயக்கத்திலிருந்து முற்றிலும் விடுபட்டதன்று. எனினும் பழகிவிட்டது என்பது ஒரு சொல்லுக்குச் சிறிய தகுதி அன்று. ஆகவே பெயராக வருமிடத்தில் அணுகல்தன்மை என்றும், அடையாக வருமிடத்தில் 'எளிதில் அணுகத்தக்க' என்றும் எழுதுவது நன்று. 'எளிதில் அணுகத்தக்க வடிவில் நூல்' என்னும்போது மயக்கம் தீர்வதோடு, எண்பதத்தில் இருந்த எளிமையும் திரும்பிவந்துவிடுகிறது.

எதிர்ச்சொல்லை ஆக்கும்போது மட்டும் ஓர் எச்சரிக்கை தேவை. 'அணுகத்தக்க' என்பதற்கு எதிராக 'அணுகத்தகாத' என்று எழுதிவிட்டால், தகாத என்பது தகுதிக்கேட்டை உணர்த்தி, நெருங்கவே கூடாத இழிபொருள் என்று அந்நூலைப் பழித்ததாகிவிடும். அங்கே 'அணுகவியலாத' என்பதே சரி.