பழைய லினன் அலமாரி: மரத்தின் அசைவைப் படித்து வாங்குவது

இருநூறு ஆண்டுகளுக்கு முன் ஓக் மரத்தில் செய்யப்பட்ட ஒரு லினன் அலமாரியின், அதாவது வீட்டு விரிப்புகளையும் துவாலைகளையும் வைக்கும் துணி அலமாரியின், கதவை எடுத்துக்கொள்வோம். கதவுச் சட்டத்தின் மூலையில், இரு கட்டைகள் சேரும் இடத்தில், சிறு மர முளை ஒன்று அறையப்பட்டிருக்கும். அதன் மேல் விரலை மெதுவாக ஓட்டினால், முளையின் தலை சட்டத்தின் பரப்பைவிட ஒரு நூலளவு மேலெழுந்து நிற்பது தட்டுப்படும். செய்த தச்சர் அதைச் சட்டத்தோடு சமமாகத்தான் சீவிவிட்டிருப்பார். பிற்பாடு சட்டக் கட்டை காய்ந்து தடிமனில் சற்றே ஒடுங்கிவிட்டது. முளை தன் நீளவாட்டில் ஒடுங்கவில்லை. இந்த நூலளவு மேட்டின் காரணத்தை அறிந்தவர், பழைய துணி அலமாரிகளைப் பற்றிப் பாதி அறிந்துவிட்டார் என்று தயங்காமல் சொல்வேன்.

மரம் எல்லாத் திசைகளிலும் ஒரே அளவில் சுருங்குவதில்லை. பச்சை மரம் முழுதாகக் காயும்போது, நார் ஓடும் நீளவாட்டில் அதன் சுருக்கம் பெரும்பாலும் 0.1 சதவீதத்தை ஒட்டியே இருக்கும். வெள்ளை ஓக் மரமோ ஆண்டு வளையங்களுக்குக் குறுக்காக ஏறக்குறைய 5.6 சதவீதமும், வளையங்களை ஒட்டிய திசையில் சுமார் 10.5 சதவீதமும் சுருங்கும். காய்ந்து பதமான பிறகும் இது நின்றுவிடுவதில்லை. காற்றில் ஈரம் ஏறினால் பலகை அகலத்தில் உப்பும், ஈரம் இறங்கினால் ஒடுங்கும். அகலமான ஒரே பலகையை நாற்புறமும் இறுக ஆணியடித்துக் கதவாக்கினால் அது சில ஆண்டுகளிலேயே வெடித்துவிடும். இதற்கு ஐரோப்பியத் தச்சர்கள் கண்ட தீர்வுதான் சட்டமும் பலகையும் சேர்ந்த கதவு. சட்டத்தின் உட்புறத்தில் காடி எனப்படும் நீளப் பள்ளம் வெட்டி, பலகையின் ஓரத்தைப் பசையின்றி அதற்குள் நிறுத்துவார்கள்; அசைய இடம் கிடைத்த பலகை காடிக்குள்ளேயே விரிந்து சுருங்கும். பழைய வண்ணம் பூசிய கதவுகளில், பலகையின் ஓரத்தை ஒட்டி வண்ணமே படாத மெல்லிய மரக்கோடு ஒன்று தெரிவது இதனால்தான். அந்தக் கோடு பழுதன்று. வண்ணம் பூசிய பிறகு பலகை ஒடுங்கியதன் பதிவு. ஆறு பலகைகளை ஆணியால் இணைத்துச் செய்த எளிய பெட்டகங்களில் இந்த வசதி கிடையாது. பக்கப் பலகையின் நார் செங்குத்தாகவும் முன்பலகையின் நார் கிடையாகவும் ஓடுவதால், ஒன்று ஒடுங்க மற்றொன்று ஒடுங்காமல் நிற்க, முன்பலகையில் நீளமான வெடிப்பு விழுகிறது. அத்தகைய வெடிப்பைக் கண்டு விலகத் தேவையில்லை. அது இருக்கவேண்டிய இடத்தில் இருக்கிறது.

இவ்வளவு பெரிய அலமாரிகள் எதற்காக என்ற கேள்வி எழலாம். ஐரோப்பாவின் வசதியான வீடுகளில் படுக்கை விரிப்பு, மேசை விரிப்பு, துவாலை போன்றவற்றின் பெரிய சலவை ஆண்டுக்குச் சில முறைதான் நடந்தது. இடைப்பட்ட மாதங்களுக்குப் போதுமான துணி கையிருப்பில் இருந்தாகவேண்டும். ஒவ்வொரு துணியின் மூலையிலும் உரிமையாளரின் பெயரெழுத்துகளையும் ஓர் எண்ணையும் சிறு குறுக்குத் தையலால் பொறித்து, எல்லாத் துணியும் சமமாகத் தேயும்படி முறை வைத்துப் பயன்படுத்தினார்கள். இந்தத் துணிக் குவியலுக்காகப் பிறந்தவைதான் பிரான்சின் ஆர்முவார், ஜெர்மானியர்களின் ஷ்ராங்க், டச்சுக்காரர்களின் காஸ் ஆகியவை. நாம் வழங்கும் அலமாரி என்ற சொல்லும், ஆர்முவார் என்ற பிரெஞ்சுச் சொல்லும் ஒரே லத்தீன் வேரிலிருந்து வந்தவை. நமக்கு அது போர்த்துகீசியர் வழியாக வந்தது. 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் நிலைபெற்ற லினன் பிரஸ் என்பது கீழே இழுப்பறைகளும், மேலே இரு கதவுகளுக்குப் பின்னால் முன்புறம் தாழ்ந்த இழுவைத் தட்டுகளும் கொண்டது. அடுக்கைக் கலைக்காமல் அடியிலுள்ள விரிப்பை எடுப்பதற்கு இதைவிடத் தெளிவான ஏற்பாட்டை நான் அறியேன். பிரஸ் என்ற சொல் திருகு வைத்துத் துணியை அழுத்தும் பலகைக் கருவியையும் குறித்தது. விற்பனைக் குறிப்புகளில் இரண்டும் குழம்புவதுண்டு.

மூடிய மர அலமாரி துணியை எப்படிக் காக்கிறது? இருள் முதல் காவல், ஏனெனில் துணி நாரின் அடிப்படைப் பொருளான செல்லுலோஸை ஒளி சிதைக்கும். இரண்டாவது காவல் ஈரத்தைச் சமன்செய்வது. லினன் என்பது ஆளிச் செடியின் நார். காற்றின் ஒப்பு ஈரப்பதம் 65 சதவீதமாக இருக்கும்போது, உலர்ந்த எடையில் சுமார் 12 சதவீத அளவுக்கு நீராவியை அது ஈர்த்து வைத்திருக்கும். அதே நிலையில் மரமும் ஏறத்தாழ அவ்வளவே வைத்திருக்கும். ஆகவே துணி நிறைந்த அலமாரிக்குள், வெளியே ஈரம் திடீரென ஏறினால் மரமும் துணியும் சேர்ந்து அதை உறிஞ்சிக்கொள்ளும். வெளியே வறண்டால் மெல்ல விட்டுக்கொடுக்கும். பூசணம் பிடிக்கும் நிலையை ஒரு மழைநாளின் ஈரம் உள்ளே எட்டிவிடாமல் இது தடுக்கிறது.

ஆனால் காக்கும் மரமே கெடுக்கவும் செய்யும். ஓக், சிடார் போன்ற மரங்கள் மெல்ல அசிட்டிக் அமில ஆவியை வெளியிடுகின்றன. வினிகரின் புளிப்புக்குக் காரணமான அதே அமிலம். அமிலம் செல்லுலோஸின் நீண்ட சங்கிலிகளை அறுக்கிறது, துணி பழுப்பேறி நொறுங்குகிறது. மரத்தில் நேரடியாகப் பட்ட மடிப்பின் ஓரம் மட்டும் பழுப்புக் கோடாக மாறியிருப்பதைப் பலர் பார்த்திருப்பார்கள். தட்டின் மேல் அமிலமற்ற தாளையோ, வெளுக்காத பருத்தித் துணியைத் துவைத்தோ விரித்து, அதை அவ்வப்போது மாற்றுவதே இதற்கு மருந்து. நெடுநாள் வைக்கும் துணிக்குக் கஞ்சி போடக்கூடாது. கஞ்சியிலுள்ள மாவுப்பொருளை இராமபாணப் பூச்சி தேடி வரும்.

சிடார் பெட்டகம் பூச்சியைத் துரத்தும் என்று சொல்லி விற்பார்கள். வட அமெரிக்காவில் சிவப்பு சிடார் எனப்படுவது உண்மையில் ஜூனிபர் இனத்து மரம். அதன் எண்ணெய் ஆவி அந்துப்பூச்சியின் இளம் புழுக்களைத் தாக்கக்கூடியது. வளர்ந்த புழுக்களை அவ்வளவாகப் பாதிப்பதில்லை, ஆண்டுகள் செல்லச் செல்ல வீரியமும் குறைந்துவிடும். அதைவிட முக்கியமான செய்தி, அந்துப்பூச்சியின் உணவு கெரட்டின் என்ற புரதம் கொண்ட கம்பளியும் இறகும் உரோமமும்தான். சுத்தமான லினன் அதற்கு உணவாகாது. லினன் வைக்க மட்டும் என்றால், சிடாருக்காகக் கூடுதல் விலை கொடுப்பதில் எனக்குச் சிறிதும் உடன்பாடில்லை.

வாங்கும்போது கதவின் அழகில் நிற்காமல், ஓர் இழுப்பறையை முழுவதும் உருவிக் கவிழ்த்துப் பாருங்கள். அடிப்பலகையின் நார் பக்கவாட்டில் ஓடினால், அது முன்பின்னாக ஒடுங்கி, முன்பக்கக் காடியிலிருந்து நழுவி ஒரு சந்து விட்டிருக்கும்; பழைய இழுப்பறைக்கு இது இயல்பு. மூலையில் புறாவின் வால்போல் விரிந்த பற்கள் ஒன்றுக்குள் ஒன்று கோத்திருக்கும் புறாவால் இணைப்புகள் கையால் வெட்டியவையானால் ஒன்றுபோல் ஒன்று இராது, குறியிட்ட கீறலும் அருகில் தெரியும். இயந்திரம் வெட்டியவை அச்சடித்ததுபோல் இருக்கும். அமெரிக்கப் பொருள்களில் புறாவாலுக்குப் பதிலாகப் பிறை வளைவும் நடுவில் ஒரு முளையுமாக ஓர் இணைப்பைக் காணலாம். 1867இல் காப்புரிமை பெற்ற நாப் என்பவரின் இயந்திரம் வெட்டிய அது, 19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியைக் காட்டிக்கொடுக்கும். மெருகிடாத அடிப்பகுதியில் வில்போல் வளைந்த ரம்பத் தடங்கள் இருந்தால் வட்ட ரம்பம் பட்ட பலகை. அதை 18ஆம் நூற்றாண்டுப் பொருள் என்று ஒருவர் சொன்னால் நம்பவேண்டாம். கூர்முனைத் திருகாணி 1840களுக்குப் பிறகே பரவியது. அதற்கு முந்தையவற்றின் முனை மழுங்கலாகவும், தலையின் வெட்டு நடுவிலகியும் இருக்கும். ஆனால் திருகாணியை யாரும் மாற்றலாம். அதனால் ஒரே சான்றை நம்பித் தீர்ப்புச் சொல்வது தவறு.

மேல்பாதியும் கீழ்பாதியும் வெவ்வேறு அலமாரிகளிலிருந்து வந்து சேர்ந்திருப்பது அடிக்கடி நடப்பது. இரண்டின் பின்பலகைகளையும் ஒப்பிட்டுப் பாருங்கள். மரம், தடிமன், ஆணி, காற்றுப் பட்டு ஏறிய நிறம் நான்கும் ஒத்துப்போகவேண்டும். லினன் பிரஸ்ஸில் தட்டுகளை எடுத்துவிட்டு, உடை தொங்கவிடக் கம்பி பொருத்தியவையும் ஏராளம். உள்பக்கச் சுவரில் தட்டு ஓடிய சட்டங்களின் வெளிறிய தடமும் அடைத்த ஆணித்துளைகளும் அதைச் சொல்லிவிடும். மடித்த துணிபோல் செதுக்கிய லினன்ஃபோல்டு பலகை 15, 16ஆம் நூற்றாண்டுகளின் அலங்காரம் மட்டுமே. அது இருப்பதால் அந்தப் பெட்டகம் துணிக்காகச் செய்யப்பட்டது என்று பொருளில்லை, 19ஆம் நூற்றாண்டில் அதைப் போலச் செய்தவையும் மிகுதி.

உளுத்த துளைகளைக் கண்டதும் பயப்படுவதைவிட அவற்றைப் படிப்பது நல்லது. ஐரோப்பாவின் மரச்சாமான் வண்டினுடைய புழு சில ஆண்டுகள் மரத்துக்குள் தின்று வளர்ந்து, வண்டாகி 1.5 முதல் 2 மில்லிமீட்டர் அகலமுள்ள வட்டத் துளையிட்டு வெளியேறும். ஆகவே மேற்பரப்பில் வட்டத் துளைகள்தாம் தெரியவேண்டும். அவற்றுக்கு மாறாக, பாதி வெட்டப்பட்ட வாய்க்கால்கள் நீளவாட்டில் திறந்து கிடந்தால், உளுத்த பழைய கட்டையை யாரோ பிற்பாடு அறுத்துப் புதிதாகச் செய்திருக்கிறார்கள். துளையின் விளிம்பு வெளிறி, உள்ளிருந்து உளுத்தூள் உதிர்ந்தால் புழு உயிரோடு இருக்கிறது. அடியில் கறுப்புத் தாளை விரித்துச் சில வாரம் கவனித்தால் ஐயம் தீரும்.

பெட்டகத்தின் பூட்டைச் சோதிக்காமல் வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். அமெரிக்காவில் 1987 வரை செய்யப்பட்ட பல சிடார் பெட்டகங்களில், மூடி விழுந்ததும் தானே பூட்டிக்கொள்ளும், உள்ளிருந்து திறக்க முடியாத பூட்டு இருந்தது. உள்ளே ஒளிந்த குழந்தைகள் மூச்சுத்திணறி இறந்திருக்கிறார்கள். அந்தப் பூட்டை உடனே கழற்றிவிடவேண்டும். உயரமான அலமாரியைச் சுவரோடு பிணைப்பதும் அதே அளவு அவசியம்.

அறைச் சூடேற்றியின் அருகே வைத்தால் மரம் மிகையாக வறண்டு, மேலே ஒட்டிய மெல்லிய மரத்தகடான வெனீர் தூக்கிக்கொள்ளும். ஈரம் ஊறும் வெளிச்சுவரோடு ஒட்டி வைத்தால் பின்பலகை பூசணம் பிடிக்கும். ஈரமான மாதங்களில் இழுப்பறை இறுகிக்கொண்டால் இழைப்புளியைக் கையில் எடுக்கக்கூடாது. அப்போது சீவிய இழுப்பறை, வறண்ட மாதங்களில் தளர்ந்து ஆடும். சீவிய மரம் திரும்பி வராது. ஓடுபாதையில் மெழுகைத் தேய்த்துவிட்டு, காற்று வறளும்வரை காத்திருங்கள்.