ஹாரியர் கேனப்பியில் இருப்பது ஹீட்டர் கம்பி அல்ல

போன வாரம் மறுபடியும் ஒரு போன். ஒருவர், செங்குத்தாக எழும்பி இறங்கும் போர் விமானமான ஹாரியரின் கேனப்பியை, அதாவது விமானியின் தலைக்கு மேல் இருக்கும் கண்ணாடி மூடியை, ஏலத்தில் எடுத்து வந்து வீட்டு கேரேஜில் வைத்திருக்கிறார். "வளைந்து வளைந்து ஒட்டியிருக்கிறதே அந்த ஹீட்டர் கம்பி, அதைக் கத்தியால் சுரண்டினால் வந்துவிடுமா?" என்கிறார். அவர் அனுப்பிய படத்தில் பக்கத்திலேயே ஒரு குழந்தையின் சைக்கிள். இந்த வருடம் இப்படிக் கேட்கும் மூன்றாவது ஆள் இவர்.

காரின் பின் கண்ணாடியில் இருக்கும் கோடு மாதிரி தெரியலாம். ஆனால் அது ஈய உறைக்குள் அடைத்த வெடிமருந்து. எம்.டி.சி. (Miniature Detonating Cord, மெல்லிய வெடிமருந்துக் கயிறு) என்போம். விமானி எஜெக்‌ஷன் சீட்டின் (ஆபத்தில் விமானியை வெளியே வீசும் இருக்கை) கைப்பிடியை இழுத்ததும் கண்ணாடியை நொறுக்கி வழிவிடுவது அதுதான். ஹாரியர் அந்தரத்தில் நிற்கும்போது அதைத் தாங்குவது இறக்கை அல்ல, பெகாசஸ் என்ஜினின் நான்கு நாசில்களிலிருந்து (திருப்பக்கூடிய வெளியேற்றக் குழாய்கள்) கீழே பாயும் காற்று. அப்போது என்ஜின் நின்றால் மூடி தானாகக் கழன்று பறக்கும்வரை காத்திருக்க நேரமில்லை.

பிரிட்டன் 2010 டிசம்பரில் ஹாரியரை நிறுத்தியது. மறு வருடம் 72 விமானங்கள் உதிரிபாகங்களுக்காக அமெரிக்க மரைன் படைக்கு விற்கப்பட்டன. அதற்கு முன்பே ஓய்வுபெற்ற பழைய ரகங்கள் பல இங்கே அருங்காட்சியகங்களிலும் தனியார் கையிலும் இருக்கின்றன. நாசிலையோ, த்ராட்டில் பக்கத்தில் இருக்கும் நாசில் லீவரையோ தாராளமாக வாங்கி வையுங்கள். அந்த ஆசை எனக்கும் உண்டு.

சரி, எம்.டி.சி. என்று சொன்ன பிறகாவது பயப்படுகிறார்களா? இல்லை. "அது எப்போதோ காலாவதியாகிவிட்டதே" என்கிறார்கள். இதைத்தான் என்னால் தாங்கவே முடியவில்லை. காலாவதி என்றால், 'தேவைப்படும்போது சரியாக வெடிக்கும் என்று இனி உறுதி சொல்ல முடியாது' என்று அர்த்தம். வெடிக்காது என்று அர்த்தம் இல்லை. பரணில் கிடக்கும் போன தீபாவளிப் பட்டாசைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அடுப்பங்கரையில் நிற்பீர்களா? 2024 பிப்ரவரியில் இங்கிலாந்தின் பிளிமத் நகரில் ஒரு வீட்டுத் தோட்டத்தில் 500 கிலோ ஜெர்மன் குண்டு கிடைத்தது. உலகப் போர்க்காலத்தில் விழுந்தது. காலாவதியாகிவிட்டது என்று யாரும் சும்மா விடவில்லை. ஆயிரக்கணக்கானவர்களை வெளியேற்றிவிட்டுத்தான் கடலுக்குக் கொண்டுபோனார்கள்.

எஜெக்‌ஷன் சீட்டும் அப்படித்தான். உள்ளே கார்ட்ரிட்ஜ்கள், அதாவது வெடிமருந்துக் குப்பிகள், அடியில் ராக்கெட். அது வானத்தில் இருக்கிறதா, வரவேற்பறையில் இருக்கிறதா என்று அதற்குத் தெரியாது. 2011 நவம்பரில் பிரிட்டனின் ஸ்காம்ப்டன் விமானப்படைத் தளத்தில் தரையில் நின்ற ஹாக் விமானத்தில் சீட் பாய்ந்து, அனுபவமுள்ள ஒரு விமானி இறந்துபோனார். சிவப்பு பின் செருகியிருக்கிறதே என்று நிம்மதி அடையாதீர்கள். பின் என்பது தற்காலிகப் பூட்டு. மருந்து உள்ளேயேதான் இருக்கிறது.

வாங்கும் முன் எந்தெந்த கார்ட்ரிட்ஜை எப்போது எடுத்தார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். காகிதத்தில் உள்ள சீரியல் நம்பர் பொருளில் இருக்கிறதா என்று பாருங்கள். விற்பவர் வாயால் சொல்வது போதாது. ஏற்கெனவே வாங்கிவிட்டீர்களா? தொடாதீர்கள், துளை போடாதீர்கள், பாலிஷ் பண்ணாதீர்கள். காரில் ஏற்றி போலீஸ் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோகவே கூடாது. கதவைப் பூட்டிவிட்டுப் போலீஸைக் கூப்பிடுங்கள், வெடிகுண்டு அகற்றும் ராணுவக் குழுவை அவர்கள் வரவழைப்பார்கள். உரிமம் இல்லாமல் வைத்திருப்பது குற்றம்தான். அதற்குப் பயந்து மறைத்து வைக்காதீர்கள், தயவுசெய்து.

அப்புறம், சந்தேகம் என்றால் கத்தியை எடுப்பதற்கு முன் என்னைக் கூப்பிடுங்கள். நடுராத்திரியானாலும் எடுப்பேன்.