‘பிரைவேட்’ குழுவைத் தமிழில் என்னவென்று சொல்வது?

பேஸ்புக் போன்ற தளங்களில் ஒரு குழுவை ‘பிரைவேட்’ என்று அமைத்தால், உள்ளே எழுதுவதை உறுப்பினர்கள் மட்டுமே படிக்கலாம். அப்படி ஒரு குழு இருப்பதே வெளியாருக்குத் தெரியுமா என்பது வேறு கேள்வி. அதற்கு இந்தச் சொல்லில் பதில் இல்லை. பதில் இருக்கிறது என்றே பலரும் நினைத்துக்கொள்கிறார்கள்.

மூலச்சொல் லத்தீன். ‘பிரிவாத்துஸ்’ என்றால் அரசுப் பதவி இல்லாதவர். ‘பிரிவாரே’ என்றால் பறித்தல், நீக்குதல். நம் ‘பிரி’யோடு ஒலி ஒத்துப்போவது தற்செயல்தான், உறவு கொண்டாட வேண்டாம்.

தமிழில் கைக்கு எட்டும் சொற்கள் எல்லாமே கொஞ்சம் இடறுகின்றன. ‘தனியார்’ என்றதும் பஸ்ஸும் பள்ளிக்கூடமும் நினைவுக்கு வரும். ‘தனிப்பட்ட’ என்பது ஒருவருக்கு உரியது. 200 பேர் உள்ள குழுவுக்கு அது எப்படிப் பொருந்தும்? ‘அந்தரங்கக் குழு’ என்று எழுதிப் பாருங்கள், யாரும் சேரக் கூச்சப்படுவார்கள். எதிர்ச்சொல்லான ‘பப்ளிக்’குக்குப் ‘பொது’ நல்ல சொல். புறநானூற்று 189ஆம் பாட்டில் ‘பொதுமை இன்றி’ என்றால் பிறரோடு பங்கில்லாமல் என்று பொருள். ஆனால் ‘பொதுக்குழு’ என்று சேர்த்தால் கட்சித் தீர்மானம் நிறைவேற்றும் கூட்டமாகிவிடும்.

பேஸ்புக் நெடுநாள் பப்ளிக், குளோஸ்டு, சீக்ரெட் என்ற மூன்று பெயர்களை வைத்திருந்தது. இதில் ‘குளோஸ்டு’தான் வில்லங்கம். பதிவுகள் மூடியிருந்தன, உறுப்பினர் பட்டியலோ 2018 நடுப்பகுதி வரை வெளியாருக்கும் திறந்திருந்தது. மரபுவழிப் புற்றுநோய் அபாயம் உள்ள பெண்கள் பேசிக்கொண்ட குழுவின் பெயர்ப்பட்டியலையே வெளியார் அள்ளிக்கொள்ள முடியும் என்று தெரியவந்த பிறகுதான் அது அடைபட்டது. ‘மூடிய குழு’ என்ற மொழிபெயர்ப்பு இன்னும் மோசம்: குழுவையே இழுத்து மூடிவிட்டார்கள் என்று படும்.

உள்ளே எழுதுவதை யார் படிக்கலாம், குழு இருப்பது வெளியாருக்குத் தெரியுமா என்ற இரண்டு கேள்விகளையும் 2019 ஆகஸ்டில் பேஸ்புக்கில் பிரித்தார்கள். பழைய குளோஸ்டு, பிரைவேட் ஆகித் தேடலில் தெரிந்தது. சீக்ரெட், பிரைவேட் ஆகித் தேடலில் மறைந்தது. தமிழிலும் இதே பிரிப்புதான் நல்லது. அமைப்புத் திரையில் ‘பதிவுகளைப் படிப்பவர்: எல்லோரும் / உறுப்பினர் மட்டும்’ என்று ஒரு வரி, ‘தேடலில்: தெரியும் / தெரியாது’ என்று இன்னொரு வரி. பெயர்ச்சொல்லுக்கு அலைய வேண்டியதில்லை. பேச்சில் சுருக்கமாகச் சொல்ல ‘உறுப்பினர் குழு’, ‘மறைகுழு’ போதும்.

பகிர்வில் இதே குழப்பம் ‘அன்லிஸ்டட்’ என்ற சொல்லில் வருகிறது. யூடியூபில் அப்படிப் போட்ட வீடியோ தேடலில் வராது. ஆனால் லிங்க் கிடைத்த யாரும் பார்க்கலாம், அடுத்தவருக்கும் அனுப்பலாம். யாராவது தம் பொதுப் பிளேலிஸ்டில் சேர்த்துவிட்டால் தேடலிலும் தலைகாட்டும். ‘பட்டியலிடப்படாதது’ என்பதில் இது எதுவும் தெரியாது. ‘லிங்க் உள்ளவர் பார்க்கலாம்’ என்றால் தெரியும். கூகுள் டிரைவ் அப்படித்தான் சொல்கிறது. பார்க்க மட்டுமா, கருத்திடவா, திருத்தவா என்பதையும் பக்கத்திலேயே தனியாகத் தேர்ந்தெடுக்க வைக்கிறது.

வாட்ஸ்அப் குழு அழைப்பு லிங்க்குகள் 2020 பிப்ரவரியில் கூகுள் தேடலில் அகப்பட்டன. இணையப் பக்கங்களில் யாரோ ஒட்டிவைத்திருந்ததே காரணம். உங்கள் குழு லிங்க் கைமாறிவிட்டதென்று தோன்றினால், அட்மின் குழு விவரத்தில் அழைப்பு லிங்க் பகுதிக்குப் போய் அதை ரீசெட் செய்யலாம். பழைய லிங்க் செத்துவிடும். அதற்குள் உள்ளே வந்தவர்களை மட்டும் ஒவ்வொருவராகத்தான் நீக்க வேண்டும்.