கனவுக்குக் காவல் நிற்கும் வீடு

ஆர்தர் மில்லரின் ‘டெத் ஆஃப் எ சேல்ஸ்மேன்’ (1949) நாடகத்தில் கணக்குப் போடும் காட்சி ஒன்று வரும். ஊர் ஊராகப் போய்ச் சரக்கு விற்கும் வில்லி லோமன் வீடு திரும்பி, விற்றுத் தள்ளிவிட்டதாக அளக்கிறார். மனைவி லிண்டா பென்சிலை எடுத்துக் கமிஷனைக் கணக்கிடுகிறார்: 212 டாலர். உடனே விற்பனைத் தொகை இறங்கத் தொடங்குகிறது. கடைசியில் கமிஷன் 70 டாலரும் கொஞ்சம் சில்லறையும்தான். கட்ட வேண்டிய பாக்கியோ 120 டாலர். லிண்டா கோபப்படவில்லை. அடுத்த வாரம் நன்றாக நடக்கும் என்று தேற்றுகிறார்.

குடும்ப ஆலோசனையில் இருப்பவர்கள் இந்தக் காட்சியில் வில்லியைவிட லிண்டாவைத்தான் அதிகம் கவனிப்பார்கள். கனவு ஒருவருடையது. அது உடையாமல் பார்த்துக்கொள்ளும் வேலையை வீட்டில் உள்ள எல்லோரும் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். பக்கத்து வீட்டு சார்லியிடம் வாரம் 50 டாலர் கடன் வாங்கி, அதைச் சம்பளம் என்று வில்லி நீட்டுகிறார். லிண்டாவுக்கு அது தெரியும், தெரியாததுபோல் வாங்கிக்கொள்கிறார். அன்பினால் செய்வதுதான். ஆனால் அந்த வீட்டில் பணத்தைப் பற்றி உண்மை பேச ஒரு நாள்கூட வாய்ப்பதில்லை.

பெரிதாக ஆசைப்படுவது நோயல்ல. ஆசை எந்த இடத்தில் பிசகுகிறது என்று பார்க்க மூன்று கேள்விகள் போதும். இந்த வாரம் அதற்காக என்ன செய்தீர்கள்? போன முறை தவறியபின் எதை மாற்றினீர்கள்? கைக்கு எட்டும் வேலை வந்தால் ஏற்பீர்களா? மூன்றாவதுதான் வில்லியைக் காட்டிக்கொடுக்கும். சார்லி வேலை தருகிறேன் என்கிறார். வில்லி மறுக்கிறார், ஆனால் கடனை மட்டும் வாங்கிக்கொள்கிறார். இத்தனைக்கும் அவருக்குக் கைவேலை நன்றாக வரும். சிமெண்ட் கலவை கையில் இருந்தால் அவர் மகிழ்ச்சியான மனிதர் என்பது அவர் இறந்தபின்தான் பேசப்படுகிறது. கைகூடாத கனவு, கையில் இருக்கும் திறமையை மதிப்பற்றதாக்கிவிடும்.

ஹென்ரிக் இப்சனின் ‘காட்டு வாத்து’ (1884) நாடகத்தில் விலை கொடுப்பது குழந்தை. ஹியால்மர் எக்டால் பெரிய கண்டுபிடிப்பு ஒன்றைச் செய்யப்போவதாகச் சொல்லிச் சோபாவில் படுத்திருப்பார். போட்டோ ஸ்டுடியோவை நடத்துவது மனைவி கீனா. படங்களைத் திருத்தும் வேலையைப் பார்வை மங்கிவரும் 14 வயது மகள் ஹெட்விக் கேட்டு வாங்கிக்கொள்கிறாள். கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே என்று சொல்லிவிட்டு, வேலையை அவளிடமே விட்டுப் போகிறார் அப்பா. ஒரு வீட்டில் யார் உழைக்கிறார், யாரைப் பற்றிப் பேச்சு நடக்கிறது என்று இரண்டு பட்டியல் எழுதிப் பாருங்கள். இரண்டிலும் பெயர்கள் ஒத்துப்போகாவிட்டால் அங்கே கவனம் வேண்டும்.

அப்படியானால் உண்மையைப் போட்டு உடைத்துவிடலாமா? அதே நாடகத்தில் ஹியால்மரின் நண்பன் கிரெகர்ஸ் அதைத்தான் செய்கிறான். மறைந்திருந்ததையெல்லாம் வெளியே இழுத்துப் போடுகிறான். ஹெட்விக் உயிரை மாய்த்துக்கொள்கிறாள். உண்மையைச் சின்னதாக, எண்ணோடு தொடங்கிச் சொல்ல வேண்டும்: இந்த மாத வரவு, இந்த மாதச் செலவு. குழந்தைகள் எதிரில் கூடாது. மனிதர் அடிபட்டு வந்த நாளில் கூடவே கூடாது. வில்லியின் மூத்த மகன் பிஃப் ஓட்டலில் உண்மையைச் சொல்ல முயல்வது அப்பாவுக்கு வேலை போன அன்றே. உன் அம்மாவிடம் சொல்ல ஏதாவது நல்ல செய்தி கொடு என்று அவர் கெஞ்சும்போது உண்மை எங்கே காதில் ஏறும்?

லொரெய்ன் ஹான்ஸ்பெரியின் ‘எ ரெய்சின் இன் த சன்’ (1959) வேறு மாதிரி. இங்கே மதுக்கடை வைக்க நினைக்கும் வால்டரின் கனவை நான் பகல்கனவு என்று தள்ளமாட்டேன். கறுப்பின ஓட்டுநர் ஒருவருக்கு மற்றக் கதவுகளெல்லாம் சாத்தியிருந்தன. கோளாறு பணம் கைமாறிய விதத்தில். அப்பா இறந்ததால் வந்த காப்பீட்டுத் தொகை 10,000 டாலர். 3,500 வீட்டுக்கு முன்பணம். மீதி 6,500-ஐ அம்மா மகன் கையில் கொடுத்து, அதில் 3,000-ஐத் தங்கையின் மருத்துவப் படிப்புக்கு வங்கியில் போடச் சொல்கிறார். முழுவதையும் கூட்டாளி சுருட்டிக்கொண்டு ஓடுகிறான். நம்பிக்கையைக் காட்ட வேண்டுமென்றால் அவன் பங்கை மட்டும் கொடுத்திருக்கலாம். தங்கையின் பணம் முதல் நாளே தங்கை பெயரில் போயிருக்க வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. வில்லி உயிரை விடுவதற்காக ஒளித்து வைத்த பொருளை லிண்டா கண்டுபிடிக்கிறார். தினமும் எடுக்கிறார், அவர் வரும்போது திரும்ப வைக்கிறார், அவமானப்படுத்தக் கூடாதாம். வீட்டில் இப்படி ஏதாவது கண்ணில் பட்டால் எடுத்த பொருளைத் திரும்ப வைக்காதீர்கள். “சாகணும்னு தோணுதா?” என்று நேராகக் கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. தனியே விடாமல் அன்றே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

பெரும்பாலும் கண்ணில் படாமல் போகிறவன் வில்லியின் இளைய மகன் ஹாப்பி. சிறுவயதில் எடை குறைந்துவிட்டேன் பாருங்கள் அப்பா என்று திரும்பத் திரும்பச் சொல்வான், யாரும் பார்ப்பதில்லை. அப்பாவின் கனவு வீண் இல்லை என்று நிரூபிப்பேன் எனக் கல்லறை அருகே சபதம் போடுவது அவன்தான். குடும்பம் ஆலோசனைக்கு வந்தால் அமைதியாக உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்குத் தனியாக ஒரு மணி நேரம் ஒதுக்கச் சொல்லிக் கேளுங்கள்.