இம்போர்ட்டர்: இறக்குமதியா, உள்வாங்கியா?

கெஃபி, டியூலிப், பாயெக் போன்ற வலைப்பின்னல் ஆய்வு மென்பொருள்களில் புழங்குகிறவர்களிடம் ‘இதற்கு ஒரு இம்போர்ட்டர் எழுத வேண்டும்’ என்ற பேச்சு அடிக்கடி அடிபடும். மென்பொருளுக்குப் பழக்கமில்லாத ஒரு கோப்பு வகையைப் படித்து, அதிலிருந்து கணுக்களையும் (வலைப்பின்னலின் புள்ளிகள்) அவற்றுக்கு இடையிலான இணைப்புகளையும் உண்டாக்கித் தரும் சிறு நிரல்தான் இம்போர்ட்டர். மென்பொருளோடு வருபவை போதாதபோது நாமே எழுதிச் செருகுவது கஸ்டம் இம்போர்ட்டர். கஸ்டமுக்கு ‘தனிப்பயன்’ என்ற சொல் தமிழ் இடைமுகங்களில் பழகிவிட்டது, நன்றாகவும் இருக்கிறது. சிக்கல் இம்போர்ட்டரில்தான்.

அதற்கு முன் கிராஃப் என்ற சொல்லைத் தெளிவாக்கிக்கொள்வோம். பள்ளியில் எக்ஸ், ஒய் அச்சு போட்டு வரைந்த வரைபடம் வேறு, இது வேறு. புள்ளிகளும் அவற்றை இணைக்கும் கோடுகளும் கொண்ட அமைப்புக்கு ‘கிராஃப்’ என்று 1878இல் பெயரிட்டவர் ஆங்கிலேயக் கணிதர் சில்வெஸ்டர். வேதியியலார் மூலக்கூறுகளை வரைந்து காட்டிய முறையிலிருந்து அவர் எடுத்த சொல் அது. தமிழில் ‘கோட்டுரு’ என்கிறார்கள். கோடும் உருவும் சேர்ந்த அருமையான சொல். கோட்டின் ஆங்கிலப் பெயரான ‘எட்ஜ்’ என்பதை ‘விளிம்பு’ என்று எழுதுவது மட்டும் எனக்கு ஒட்டவில்லை. கனசதுரத்துக்கு விளிம்பு உண்டு, இரண்டு பேருக்கு நடுவே உள்ள உறவுக்கு ஏது விளிம்பு? இங்கே ‘இணைப்பு’ என்றே எழுதுகிறேன்.

சரி, இம்போர்ட்டுக்கு வருவோம். லத்தீனில் ‘உள்ளே’ என்பதும் ‘சுமந்து செல்’ என்பதும் சேர்ந்து பிறந்த சொல் அது. தமிழில் அதற்கு நேராக நிற்பது இறக்குமதி. இறங்கு என்பதன் பிறவினை இறக்கு, கப்பலிலிருந்து சரக்கை இறக்குவது. ‘மதி’ இங்கே நிலவும் இல்லை, அறிவும் இல்லை, சொல்லைப் பெயராக்கி நிற்கும் ஈறு. தெலுங்கில் எகுமதி, திகுமதி என்றும் மலையாளத்தில் கயற்றுமதி, இறக்குமதி என்றும் இதே அச்சில் வார்த்த சொற்கள் உண்டு. கன்னடம் மட்டும் வழி மாறி, பாரசீகத்தின் ‘வந்தது, போனது’ என்பவற்றிலிருந்து ஆமது, ரஃப்து என்று எடுத்துக்கொண்டது.

இதில் ஒரு வேடிக்கை. காவிரிப்பூம்பட்டினத்துத் துறைமுகத்தைப் பாடும் பட்டினப்பாலையில், கடல்வழி வந்த பண்டங்களை நீரிலிருந்து நிலத்துக்கு ‘ஏற்றுகிறார்கள்’. இன்று நாம் இறக்குமதி என்று சொல்லும் அதே வேலைதான். கரையில் நின்று பார்த்தால் ஏற்றம், கப்பலில் நின்று பார்த்தால் இறக்கம். இன்றைய சொல் கப்பலின் பக்கம் நின்றுவிட்டது.

கணினிக்குள் வந்ததும் இறக்குமதிக்கு இடநெருக்கடி. டவுன்லோடைப் பதிவிறக்கம் என்கிறோம், தரவிறக்கம் என்றும் எழுதுகிறோம். ‘தரவிறக்கம் செய்து, பிறகு தரவு இறக்குமதி செய்யவும்’ என்று ஒரு வழிகாட்டியில் எழுதிப் பாருங்கள், படிக்கிறவர் ஒரே வேலையை இரண்டு முறை செய்யச் சொல்வதாக நினைப்பார். அடுத்தது இலக்கணச் சிக்கல். உலாவு உலாவி ஆயிற்று, செயல் செயலி ஆயிற்று, ஆனால் இறக்குமதி ஏற்கெனவே இகரத்தில் முடிந்து நிற்பதால் அதில் அப்படி ஒரு கருவிப்பெயர் ஆக்க முடியாது. ‘இறக்குமதியாளர்’ என்றால் உரிமம் வைத்திருக்கும் வணிகர். ‘இறக்குமதிக் கருவி’ எனலாம். பிழையில்லை, ஆனால் பளு தூக்கும் இயந்திரம்தான் நினைவுக்கு வருகிறது.

இவற்றைவிடப் பெரிய குறை, அந்தச் சொல் இம்போர்ட்டர் செய்யும் வேலையைச் சொல்வதே இல்லை என்பது. சரக்கை இறக்கினால் கப்பல் காலியாகும். கோப்பை இம்போர்ட் செய்தால் கோப்பு இருந்த இடத்தில் அப்படியே இருக்கும். இடம் மாறியது எதுவும் இல்லை, ஒரு பொருள்கோள் மட்டும் நடந்திருக்கிறது.

கெஃபியின் அமைப்பைப் பார்த்தால் இது விளங்கும். ஜாவாவில் எழுதிய திறமூல மென்பொருள் அது. நம் செருகுநிரலில் இரண்டு வகுப்புகள் (நிரலின் ‘கிளாஸ்’கள்) வேண்டும். முதலாவது பில்டர். எந்தக் கோப்பு நீட்டிப்புகள் நமக்கு உரியவை என்று கெஃபியிடம் சொல்லி, கேட்கும்போது இம்போர்ட்டரை உருவாக்கிக் கொடுப்பது அதன் பொறுப்பு. இரண்டாவது இம்போர்ட்டர். அதன் ‘எக்ஸிக்யூட்’ செயற்கூற்றில்தான் கோப்பை வரி வரியாகப் படிக்கிறோம். படித்ததை நேரே கோட்டுருவில் எழுத முடியாது. ‘கன்டெய்னர்’ என்ற இடைக்கிடங்கில் நோட் டிராஃப்ட், எட்ஜ் டிராஃப்ட் என்று வரைவுகளாக வைக்கிறோம். இல்லாத கணுவைச் சுட்டும் இணைப்பு, மதிப்பு சரியில்லாத வரி போன்ற குறைகள் ஓர் அறிக்கையில் சேரும். பயனர் அறிக்கையைப் பார்த்து, விடுபட்ட கணுக்களை உருவாக்கவா, திசையுள்ள கோட்டுருவா, புதிய பணியிடமா, இருப்பதோடு சேர்ப்பதா என்று முடிவு செய்த பிறகே ‘பிராசஸர்’ கிடங்கில் உள்ளதை உள்ளே கொண்டுபோகிறது. துறைமுகத்தில் சுங்கச் சோதனை முடியும்வரை சரக்கு கிடங்கில் கிடப்பது போலத்தான்.

இனி, கோப்பில் எது கணு, எது இணைப்பு? இதை முடிவு செய்வதுதான் இம்போர்ட்டர் எழுதுகிறவரின் உண்மையான வேலை. ஜெட்காம் கோப்பை எடுத்துக்கொள்வோம். குடிவழித் தகவல்களைப் பரிமாற அமெரிக்காவின் மார்மன் திருச்சபை 1984இல் உருவாக்கிய வடிவம். ஒவ்வொரு வரியும் ஓர் எண்ணில் தொடங்கும். பூச்சியம் என்றால் புதிய பதிவு, ஒன்று என்றால் அதற்கு உட்பட்ட விவரம். ‘இன்டி’ என்பது ஓர் ஆளின் பதிவு, ‘ஃபேம்’ என்பது ஒரு குடும்பத்தின் பதிவு. குடும்பப் பதிவுக்குள் கணவர், மனைவி, பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் ஒரு சுட்டி இருக்கும். வரிகளைப் பிரிப்பது எளிது, ஒரு பிற்பகல் போதும். ஆனால் அந்தக் குடும்பப் பதிவை என்ன செய்வது? இணைப்பு என்றால் இரண்டு முனைதான் இருக்க முடியும். இங்கோ அப்பா, அம்மா, மூன்று பிள்ளைகள் என்று ஐந்து பேர் ஒரே பதிவில் நிற்கிறார்கள்.

ஸ்லோவேனியாவில் பிறந்த பாயெக் இதற்கு மூன்று விடை வைத்திருக்கிறது (அந்த மொழியில் பாயெக் என்றால் சிலந்தி, வலைப்பின்னல் மென்பொருளுக்கு வைக்க வேறு பெயரே வேண்டாம்). ஓரே என்ற கணிதரின் பெயர் தாங்கிய ‘ஓரே கோட்டுரு’வில் ஆட்கள் கணுக்கள், திருமணமும் பெற்றோர்–பிள்ளை உறவும் இணைப்புகள். பி-கோட்டுருவில் எல்லாம் தலைகீழ்: தம்பதியர் கணுக்கள், மணமாகாதவர் தனிக் கணுக்கள், தம்பதியரைப் பெற்றோரோடு இணைக்கும் கோடுதான் ஆள்! ஒருவருக்கு இரண்டு மணம் என்றால் அவர் இரண்டு கோடுகளாகிவிடுவார். அதைத் தீர்க்க மூன்றாவது வகை, ஆட்களும் தம்பதியரும் ஆகிய இரு சாராரையும் கணுக்களாக்குகிறது. கோப்பில் ஓர் எழுத்துகூட மாறவில்லை, ஆனால் வெளிவருவது மூன்று வேறு கோட்டுருக்கள்.

நம் ஊர்க் குடும்பங்களை ஏற்றினால் இன்னொன்றும் தெரியும். அத்தை மகள், மாமன் மகன் என்று முறையில் கட்டிக்கொள்ளும் குடும்பங்களில் பிரிந்து போன கிளைகள் இரண்டு தலைமுறை கழித்து மறுபடி சேர்ந்துகொள்ளும். மரம் என்று நம்பி எழுதிய இம்போர்ட்டர் அங்கே ஒரே ஆளை இரண்டு முறை உண்டாக்கிவிடும். ஆளை அடையாளம் காணப் பெயரை நம்பாமல் கோப்பில் உள்ள சுட்டி எண்ணையே கணுவின் அடையாளமாக வைக்க வேண்டும். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கும் வழக்கம் இருக்கும்போது பெயரை நம்பினால் தாத்தாவே தனக்குப் பேரனாகிவிடுவார்.

படித்து, பொருள்கொண்டு, தனக்கேற்ற உருவில் எடுத்துக்கொள்ளும் இந்தச் செயலுக்குத் தமிழில் ‘உள்வாங்குதல்’ என்ற சொல் ஏற்கெனவே இருக்கிறது. பாடத்தை உள்வாங்கிக்கொண்டான் என்கிறோம் அல்லவா? அதிலிருந்து உள்வாங்கி. கஸ்டம் இம்போர்ட்டர் தனிப்பயன் உள்வாங்கி ஆகும். கடல் உள்வாங்கியது என்றால் பின்வாங்கியது என்று ஒரு பொருள் இருப்பது உண்மைதான். மென்பொருள் பேசும் இடத்தில் அந்தக் குழப்பம் வராது என்பது என் எண்ணம். பட்டியலில் ‘இறக்குமதி செய்’ என்று பழகிய பொத்தானை மாற்றச் சொல்லவில்லை. பயனர் செய்வது இறக்குமதியாகவே இருக்கட்டும், அதைச் செய்து முடிக்கும் நிரலுக்குப் பெயர் உள்வாங்கி.

பார்சரோடு இதைக் குழப்ப வேண்டாம். பார்சர் ஒரு பகுப்பி. வரியை எண், குறி, மதிப்பு என்று துண்டாக்குவதோடு அதன் கடமை முடிகிறது. உள்வாங்கிக்குள் ஒரு பகுப்பி இருக்கும், பகுப்பிக்குள் உள்வாங்கி இருக்காது.

எதிர்த்திசையில் வேலை செய்யும் எக்ஸ்போர்ட்டருக்கு ‘கோப்பாக்கி’ என்ற சொல்லை முன்வைக்கிறேன். கோப்பு என்பது ‘கோ’ என்ற வினையிலிருந்து, அதாவது கோத்து வைப்பதிலிருந்து வந்தது. ஆங்கில ஃபைலுக்கும் நூலைக் குறிக்கும் லத்தீன் சொல்தான் மூலம், தாள்களை நூலில் கோத்து வைத்த காலத்து ஞாபகம் அது. கோப்பாக்கிக்குப் பொருள்கொள்ளும் தலைவலி குறைவு, எது கணு என்பது முன்பே முடிவாகிவிட்டது. எதை விட்டுவிடுவது என்று மட்டும் பார்த்தால் போதும்: இணைப்புகளை மட்டும் சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த) பட்டியலாக எழுதினால் கணுக்களின் நிறமும் இருப்பிடமும் போய்விடும், கெஃபிக்கென்றே உருவான கெக்ஸ்ஃப் வடிவத்தில் அவை தங்கும்.